அமெரிக்க மெஷினும் இருபது ரூபாய் ஸ்டார்ட்டரும்

வீட்டில் ட்யூப்லைட் 'மினுக் மினுக்' என்று அடித்துக் கொண்டிருந்தால் நாம் என்ன செய்வோம்? ஸ்டூலைப் போட்டு ஏறி, ட்யூபை ஒரு திருகு திருகுவோம். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்து ரூம் ஸ்டார்ட்டரைக் கழற்றி இதில் மாட்டுவோம். எரிந்துவிட்டால், 'ஸ்டார்ட்டர்தான் போச்சு' என்று கடைக்குப் பிள்ளையை அனுப்புவோம். இந்தக் கைவைத்தியம் தெரியாத குடும்பத்தலைவி நம் பக்கம் உண்டா என்ன? எல்.இ.டி. வந்தபிறகு சின்னப் பெண்களுக்கு ஸ்டார்ட்டர் என்றால் என்னவென்றே தெரியவில்லை. அது வேறு கதை.

இந்த வைத்தியம் ஓர் அமெரிக்க விளையாட்டு மெஷினுக்கும் தேவைப்பட்டது. கூடவே, லைட்டைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் வெளியே வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வெளிநாட்டுச் சாமான் வைத்திருக்கும் தோழிகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

என் கொழுந்தனார் குடும்பம் நியூஜெர்சியில் பதினான்கு வருஷம் இருந்துவிட்டு 2022-ல் திருச்சிக்கே திரும்பி வந்தது. கப்பலில் வந்த சாமான்களோடு ஆளுயரப் பெட்டி ஒன்றும் வந்தது. பிரித்துப் பார்த்தால் பின்பால் மெஷின்! நாலு இரும்புக் கால், மேலே கண்ணாடி போட்ட சாய்வான மேஜை, அதன் தலைமாட்டில் படம் வரைந்த ஒரு நிமிர்ந்த பெட்டி. கோடை விடுமுறையில் நாம் விளையாடிய பேகடெல் போர்டு ஞாபகம் இருக்கிறதா? பலகையில் ஆணி அடித்து, ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் சின்ன குண்டு ஓடி நம்பர் போட்ட வளைவுக்குள் விழுமே, அதன் பெரியண்ணன்தான் இது. ஸ்பிரிங்கை இழுத்துக் குண்டை அடிக்கும் அமைப்புக்கு 1871-லேயே அமெரிக்காவில் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பந்து கீழே விழாமல் தட்டிவிடுகிற இரண்டு கைகள், 'ஃபிளிப்பர்' என்பார்கள், அவை வந்தது 1947-ல். அதற்கு முன்பு வரை பந்தை விட்டுவிட்டு, எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் மாமியார் பார்த்த உடனே, "இது என்ன சூதாட்ட மெஷினா? வீட்டுக்குள்ள எதுக்குடி இது?" என்றார். கிழவிக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லாரும் சிரித்தோம். ஆனால் மாமியார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நியூயார்க் நகரத்திலேயே 1942-ல் மேயர் லா கார்டியா இதைச் சூதாட்டம் என்று தடை செய்து, பறிமுதல் செய்த மெஷின்களைச் சம்மட்டியால் அடித்து உடைக்க வைத்தார். 1976-ல்தான் தடை நீங்கியது. அப்போது ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர், 'இது அதிர்ஷ்டம் இல்லை, கைத்திறமை' என்று நகரசபைக் குழுவின் முன்னால் நிஜ மெஷினில் ஆடிக் காட்டினாராம். பந்து எந்த வழியில் போகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த வழியிலேயே அனுப்பினாராம். இதைச் சொன்னதும் மாமியார், "அப்ப சரி" என்று விட்டுவிட்டார். இப்போது சாயங்காலம் காபி குடித்தவுடன் முதல் ஆட்டம் அவருடையதுதான்.

மெஷின் வந்த முதல் மாதத்திலிருந்தே தலைமாட்டுப் பெட்டியின் விளக்கு தகராறு செய்தது. அந்தப் பெட்டிக்குள் படத்துக்குப் பின்னால் ஒன்றரை அடி ட்யூப்லைட் ஒன்று இருக்கிறது, 15 வாட். அது எரிந்தால்தான் படம் தெரியும். மெஷினின் அழகே அதில்தான். எங்கள் வீட்டில் அது ஓயாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. பார்த்தாலே தலைவலி வரும்.

மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்த புது ஸ்டார்ட்டரைப் போட்டார். அவ்வளவுதான், மினுக்கிக்கொண்டிருந்ததும் நின்றுபோய் சுத்தமாக இருட்டு! "சோக் போச்சு மேடம். அமெரிக்கா சோக் இங்க கிடைக்காது. உள்ள மொத்தமா மாத்தணும், நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் ஓரகத்தி முகம் வாடிப்போய் கீழே வந்து, "அக்கா, நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்றாள். எனக்கு ஏன் இந்த மரியாதை என்றால், என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்தவர். பெண் பிள்ளை என்று பார்க்காமல் ஃபியூஸ் போடுவதிலிருந்து எல்லாம் கற்றுக்கொடுத்தார்.

மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது!), ஐந்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, பெட்டியைத் திறந்தோம். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் கரண்ட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும், அதனால் இந்தக் காத்திருப்பு. முன்னால் உள்ள கண்ணாடியைச் சற்று மேலே தூக்கி, அடிப்பக்கத்தை வெளியே இழுத்தால் வந்துவிடுகிறது. ட்யூபின் இரண்டு முனையிலும் லேசாகத்தான் கறுப்பு. ரொம்பக் கறுத்திருந்தால் ட்யூபின் ஆயுசு முடிந்துவிட்டது என்று அர்த்தம். இது அப்படி இல்லை.

மெக்கானிக் கழற்றிப்போட்ட பழைய ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதில் 'எஃப்.எஸ்.2' என்று போட்டிருந்தது. புதிதாகப் போட்டதை எடுத்துப் பார்த்தேன். 'எஸ்10, 220-240 வோல்ட்'. விஷயம் புரிந்துவிட்டது!

ஸ்டார்ட்டர் என்பது என்ன? அந்தச் சின்ன டப்பாவுக்குள் வாயு நிரப்பிய ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் சூடானால் வளைகிற ஒரு தகடு. சுவிட்சைப் போட்டதும் அந்த வாயு லேசாக ஒளிவிட்டுச் சூடாகும். தகடு வளைந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது ட்யூபின் இரண்டு முனையிலும் உள்ள இழைகள் சூடாகும். ஒட்டியதும் ஒளி அணைந்து தகடு குளிர்ந்து பிரியும். பிரிகிற அந்த நொடியில் சோக் ஒரு பெரிய உதை கொடுக்கும், ட்யூப் பற்றிக்கொள்ளும். நம் வீட்டு ஸ்டார்ட்டர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. 110 வோல்ட் கொடுத்தால் அதற்குள் இருக்கும் வாயு ஒளிவிடவே விடாது. பிறகு எங்கே தகடு வளைய, எங்கே ட்யூப் எரிய? சோக் பாவம், அதன் மேல் பழி!

நம் கடைகளிலேயே 'எஸ்2' என்று இன்னொரு ஸ்டார்ட்டர் உண்டு. ஒரே சோக்கில் இரண்டு சின்ன ட்யூபை வரிசையாக மாட்டும்போது போடுவது. 110 வோல்ட்டுக்கும் அதேதான். தெருமுனைக் கடையில் கேட்டால் "அப்படி ஒண்ணு இல்லம்மா" என்றார்கள். கல்யாணத்துக்குச் சென்னை போனபோது பாரிமுனைப் பக்கம் எலக்ட்ரிகல் கடையில் கிடைத்தது. இருபது ரூபாய். ஊருக்கு வந்து மாட்டினேன். இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு பளீரென்று எரிந்தது. பிள்ளைகள் கைதட்டிய சத்தம் தெருவுக்கே கேட்டது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை.

அன்று சாயங்காலம் கொழுந்தனாரின் சின்னப் பெண், பத்து வயசு, விளையாடிக்கொண்டிருந்தவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். "பெரியம்மா, இந்த இரும்ப தொட்டா என்னமோ பண்ணுது. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு." அவள் அம்மா, "ஆமாக்கா, எப்பவாவது இப்படிச் சொல்லுவா. நானும் தொட்டுப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. ஈரக் கையா இருக்கும்" என்றாள். ஏற்கெனவே பலமுறை சொல்லியிருக்கிறாள் குழந்தை, யாரும் நம்பவில்லை. நான் டெஸ்டரை எடுத்து மேஜையின் முன்பக்க இரும்புப் பட்டையில் வைத்தேன். டெஸ்டர் எரிந்தது. காலில் வைத்தேன், அங்கேயும் எரிந்தது! மொசைக் தரை, அப்போதுதான் துடைத்த ஈரம், வெறுங்காலோடு குழந்தை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

காரணத்தைத் தேடினால் மெஷினில் இல்லை, சுவரோரம் இருந்தது. அமெரிக்க பிளக்கில் மூன்று முள். மூன்றாவது உருண்டை முள்தான் எர்த். நம் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்க ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டி வாங்கியிருந்தார்கள் அல்லவா, அதில் இரண்டு ஓட்டைதான். மூன்றாவது முள் நுழையாது என்பதால், கடைக்காரர் ஒரு கன்வெர்ட்டர் பிளக் கொடுத்திருக்கிறார். எர்த் முள் அதில் எதனோடும் சேராமல் நின்றுவிட்டது. ஸ்டெப்-டவுன் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரும் இரண்டு முள் பிளக். ஆக, மெஷினுக்கு எர்த்தே கிடையாது.

இந்த மாதிரி மெஷின்களில் கரண்ட் உள்ளே வரும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். கரண்ட்டோடு வரும் இரைச்சலைப் பிரித்து எர்த்துக்கு அனுப்புவது அதன் வேலை. எர்த் இல்லாவிட்டால் அது அத்தனை இரும்பிலும் வந்து நிற்கும். எறும்பு கடித்தது அதுதான்.

'எப்பவாவது' மட்டும் ஏன் அடித்தது? நான் இதை யோசித்து யோசித்து அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னபோதுதான் தெளிந்தது. கடைகளில் விற்கும் ஸ்டெப்-டவுன் பெட்டிகளில் பெரும்பாலானவை 'ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்' வகை. உள்ளே ஒரே சுருள்தான், வரும் கரண்ட்டும் போகும் கரண்ட்டும் தனித்தனியாகப் பிரிந்திருக்காது. இரண்டு முள் பிளக்கை எந்தப் பக்கம் திருப்பியும் சொருகலாம். சரியாகச் சொருகினால் மெஷினுக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்று நியூட்ரல், மற்றது 110. பிளக்கைத் திருப்பிச் சொருகினாலோ, ஒரு ஒயர் தரையோடு ஒப்பிட்டால் 230, இன்னொன்று 120! இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் அதே 110 தான். அதனால் மெஷின் ஒழுங்காக ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இரும்பில் வந்து நிற்கும் வோல்ட்டேஜ் மூன்று மடங்கு. வீடு பெருக்கும்போது பிளக்கைப் பிடுங்குகிறோம், மறுபடி சொருகுகிறோம். எந்தப் பக்கம் என்று யார் பார்த்தார்கள்? குழந்தை சொன்னது ஒவ்வொரு தடவையும் நிஜம்.

முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டோம். உள்ளே வருவதும் மூன்று முள், வெளியே போவதும் மூன்று ஓட்டை, எர்த் நேரே ஊடுருவிப் போகிற மாதிரி வேறு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம். வாங்கும்போது 'எர்த் உள்ளே சேர்ந்திருக்கா?' என்று கேட்டு, மீட்டர் வைத்துக் காட்டச் சொன்னோம். அதோடு வீட்டு எர்த் குழியையும் பார்க்கச் சொன்னேன். மூன்று வருஷமாகத் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்து கிடந்தது. மூன்று ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது தோழிகளே; அந்த ஒயர் மண் வரை போக வேண்டும். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. கரண்ட் வழி தவறி எர்த்துக்கோ ஆளுக்கோ போனால் சட்டென்று அணைத்துவிடும். இப்போது டெஸ்டர் வைத்தால் எரிவதில்லை. இதற்கு ஆன செலவு மெக்கானிக் கேட்ட 4,500-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் கொழுந்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை.

லைட்டுக்கு வருகிறேன். எஸ்2 ஸ்டார்ட்டரில் எரிந்தது, சரி. முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சோக் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போடுகிறது. கிட்டே கை கொண்டுபோனால் தோசைக்கல் மாதிரி அனல். பின்னால் உள்ள ஹார்டுபோர்டு ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது.

இதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கரண்ட் நொடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. ஸ்டெப்-டவுன் பெட்டி வோல்ட்டைத்தான் குறைக்கும், சுழற்சியை மாற்றாது. என் ஓரகத்தி அங்கிருந்து கொண்டுவந்த கரண்ட்டில் ஓடும் மேஜைக் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. 'பேட்டரி சரியில்லை' என்று பேட்டரி மாற்றினாள்! சுழற்சியை எண்ணித்தான் அது நேரம் காட்டும். 60 எண்ண வேண்டிய இடத்தில் 50 தான் வருகிறது, அப்புறம் எப்படி ஓடும்? சோக் விஷயத்தில் இதுவே விபரீதம். சோக்கின் வேலையே ட்யூபுக்குள் கரண்ட் அளவுக்கு மேல் பாயாமல் தடுப்பது. சுழற்சி குறைந்தால் அதன் தடுக்கும் சக்தியும் குறையும். 60-க்குச் செய்த சோக்கில் நம் ஊரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கரண்ட் அதிகமாகப் பாயும். சூடு ஏறாமல் என்ன செய்யும்? மரப்பெட்டி, மூடின கண்ணாடி, உள்ளே பிள்ளைகள் எச்சில் கையோடு போட்ட சிப்ஸ் தூள் வேறு. நான் அப்படியே விட்டுவிட ஒப்புக்கொள்ளவில்லை.

கொழுந்தனார், "அண்ணி, ஒரிஜினலா இருக்கட்டுமே, மாத்தினா மதிப்பு போயிடும்" என்று முனகினார். "மதிப்பு முக்கியமா, வீடு முக்கியமா?" என்று என் மாமியார் போட்ட போட்டில் அடங்கிவிட்டார்.

ஒன்றரை அடி எல்.இ.டி. ட்யூப் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. இரண்டடி ட்யூப் எங்கும் கிடைக்கிறது, ஆனால் ஹோல்டர்களுக்கு நடுவில் இடம் ஒன்றரை அடிதான். கடைசியில் சாமி அலமாரிக்குப் போடுவோமே, ஒரு அடி எல்.இ.டி. பட்டி, 5 வாட், அதை வாங்கினோம். வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படித்தேன். '100 - 300 வோல்ட்' என்று போட்டிருந்ததை மட்டும் எடுத்தேன். சில பட்டிகளில் 140-க்கு மேல் என்று இருக்கும், 110-ல் அவை சரியாக எரியாது. எலக்ட்ரீஷியன் தம்பி சோக்கையும் ஸ்டார்ட்டரையும் இணைப்பிலிருந்து விலக்கிவிட்டு, அந்த இரண்டு ஒயரையும் கனெக்டர் போட்டுப் பட்டிக்குக் கொடுத்தார். டேப் சுற்றுகிற வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெஷின் ஆடுகிற ஆட்டத்தில் டேப் கழன்றுவிடும்.

முதலில் போட்டது பால் வெள்ளை வெளிச்சம். படத்தில் உள்ளவர்கள் எல்லாரும் சோகை பிடித்த மாதிரி வெளுத்துப் போனார்கள்! மூலைகளிலும் இருட்டு. அதைக் கழற்றி சமையல் மேடைக்குப் போட்டுக்கொண்டு, மஞ்சள் கலந்த வெளிச்சமாக இரண்டு பட்டி வாங்கி, ஒன்று மேலே இடது பக்கம், ஒன்று கீழே வலது பக்கம் என்று தள்ளித் தள்ளி மாட்டினோம். படத்தின் சிவப்பும் மஞ்சளும் அப்படியே பளபளக்கிறது. ஒரு மணி நேரம் எரிந்த பிறகும் தொட்டால் வெதுவெதுப்புதான். பழைய ஹோல்டர்களை அப்படியே விட்டிருக்கிறோம். நாளைக்கு யாராவது ஒரிஜினல்தான் வேண்டுமென்றால் மறுபடி மாட்டிக்கொள்ளட்டும்.

சில மெஷின்களில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஒயரை மாற்றிப் போட்டு நேராக 230-ல் ஓட்டலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். எங்கள் மெஷினுக்குக் கையேடு இல்லை. படம் பார்க்காமல் அதில் கைவைக்க வேண்டாம் என்று அவரையும் தடுத்துவிட்டேன். உங்களில் யாரிடமாவது கையேடு இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் பாருங்கள். ஸ்டெப்-டவுன் பெட்டியே தேவைப்படாமல் போகலாம்.

பின்பால் எங்கள் வீட்டில் இல்லையே என்று இந்தக் கடிதத்தைத் தள்ளிவிடாதீர்கள். மகன், மகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் மிக்ஸி, ரொட்டி சுடும் மெஷின், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் இதே ஸ்டெப்-டவுன் பெட்டிதான், இதே கன்வெர்ட்டர் பிளக்தான். இரும்பு உடம்புள்ள எந்தச் சாமானானாலும் அந்த மூன்றாவது முள் எங்கே போய் நிற்கிறது என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். மோட்டார் உள்ள சாமான் என்றால் சூட்டையும் கவனியுங்கள்.

கழற்றிய அந்த ஒன்றரை அடி ட்யூபைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். கூடவே எங்கள் வீட்டில் ஃபியூஸான நாலடி ட்யூப்கள் ஆறு கிடக்கின்றன. ட்யூபுக்குள் பாதரசம் இருப்பதால் பழைய பேப்பர்காரரிடம் போடவும் மனசில்லை, குப்பையோடு உடைக்கவும் மனசில்லை. பாதரசத்தைத் தடுப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் கூடியபோது, இந்த ட்யூப்களின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்துவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். இனிமேல் செய்ய மாட்டார்கள், சரி. வீட்டில் கிடப்பதை என்ன செய்வது? தப்பித் தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பி, துடைப்பத்தைத் தொடாமல் கெட்டி அட்டையால் அள்ளி, மூடிபோட்ட பாட்டிலில் போட்டுவைக்கிறேன். உங்கள் ஊரில் ஃபியூஸ் போன ட்யூப்களைத் தனியாக வாங்கிக்கொள்கிறார்களா, எங்கே கொடுக்கிறீர்கள்? தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திருச்சி.